பார்க்கப் பார்க்க ஏறிய உப்பு

போன வாரம் நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். குரலில் பாதி பயம், பாதி குறும்பு.

"மேடம், டெஸ்ட் எல்லாம் ஓடி முடிஞ்சதும் கடைசியில 'செங்கோடன் சரி'ன்னு ஒரு வரி வருது. அது என்ன டெஸ்ட்னு இங்க யாருக்கும் தெரியல. சாமி பேரு வெச்சா புரோகிராம்ல பக் வராதுன்னு நீங்கதான் வெச்சுட்டுப் போனீங்கன்னு பேசிக்கிறாங்க. ரொம்ப நேரம் வேற எடுக்குது. எடுத்துடலாமா?"

எடுத்துவிடலாமா என்று கேட்டாளே, அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு. உங்களில் பாதிப் பேர் கேட்காமலேயே எடுத்திருப்பீர்கள். அவளுக்குப் போனில் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். காபி குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் சாமியிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தச் செங்கோடன் சாமி இல்லை. மோகனூர் போகிற ரோட்டில் உள்ள ஒரு கோழித்தீவன மில்லில் கலவை போடுகிற ஆள். எத்தனையோ வருடம் புரோகிராம் எழுதிய எனக்கு, நான் எழுதியது என்னவென்று காட்டியவர்கள் இரண்டு பேர். அவர் ஒருவர். இன்னொருவர் பூங்கொடி என்கிற கோழிப்பண்ணைக்காரர். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதத் தெரியாது.

மில் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு என்று தொட்டி தொட்டியாக இருக்கும். உப்பு, தாதுத்தூள் மாதிரிச் சின்னச் சாமான்களுக்குச் சின்னத் தொட்டிகள். நடுவில் எல்லாவற்றையும் கலக்குகிற இயந்திரம். முன்பெல்லாம் எதில் எத்தனை கிலோ என்று ஒரு சிலேட்டில் எழுதி மாட்டிவிட்டு, செங்கோடன் கையாலேயே நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தை மாதம் நாங்கள் போய்ச் சிலேட்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் திரையை மாட்டினோம். எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நம் மென்பொருள் சொல்லும். தொட்டி திறந்து மூடும்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. தீவனம் ஏற்ற வருகிற லாரி டிரைவரோ, பண்ணைக்காரரோ, கோழி டாக்டரோ, யாராக இருந்தாலும் கலவையில் என்ன சேருகிறது என்று தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டுப் பின்னால் குறை சொல்லக் கூடாது. சிலேட்டுக் காலத்து வழக்கம், திரை வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொருவராக வருவார்கள், பொத்தானை அமுக்குவார்கள், திரையைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நம் மென்பொருளை இத்தனை பேர் அக்கறையாகப் பார்ப்பது வேறெங்கும் நடந்ததில்லை.

திரையில் பெரிய சாமான்களுக்கு மட்டும் எடையைக் காட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியதில் உப்புக்கும் தாதுத்தூளுக்கும் இடம் போதவில்லை. அவற்றை ஒரே வரியில் சேர்த்து, பக்கத்தில் ஒரு பச்சை டிக் வைத்துவிட்டேன். டாக்டர் ஒப்புக்கொண்ட கலவையும் இப்போதைய கலவையும் ஒன்றாக இருந்தால் டிக் வரும்.

இனி புரோகிராமுக்கு வருகிறேன். கலவை என்று ஒரு கிளாஸ், சாமான்களையும் எடைகளையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம் மாதிரி. கலவையோடு கலவையைக் கூட்டக் கூட்டல் குறி. இரண்டும் ஒன்றா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி. எண்களுக்காகப் பிறந்த குறிகளை நம் பொருள்களுக்கும் பழக்கிவிடுவதைத்தான் ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்கிறோம், உங்களுக்குத் தெரியாததில்லை. 'அடிப்படைக் கலவை + கோடைச் சேர்மானம்' என்று ஒரே வரியில் எழுதியபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோடைச் சேர்மானம் என்பது வெயில் ஏறினால் கோழி சோர்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சோடா உப்பு, அவ்வளவுதான்.

அப்போது எங்களோடு ஆபீசில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். என் புரோகிராமைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"கூட்டல் குறி எதுக்குங்க மேடம்? ஒரு ஃபங்ஷன் எழுதி அதுக்கு ஒரு பேரு வெச்சாப் போதுமே. பேரு இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு யாராச்சும் போய்ப் பாப்பாங்க. கூட்டல் குறிக்குள்ள எவனும் போய்ப் பாக்க மாட்டான்."

அழகு தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர் சொன்னபடியே அந்தக் கூட்டல் குறிக்குள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான்.

பங்குனி பாதியில் வெயில் ஏறியது. டாக்டர் கோடைச் சேர்மானத்தைப் போடச் சொன்னார். பத்து நாளில் பூங்கொடியிடமிருந்து மில்லுக்குப் புகார் வந்தது.

பூங்கொடிக்கு அப்போது நாற்பது வயதுக்குள் இருக்கும். மில்லிலிருந்து இருபது நிமிட தூரத்தில் மூன்று ஷெட்டில் முட்டைக்கோழி வைத்திருந்தார். கணவர் கரும்பைப் பார்த்துக்கொள்வார், கோழி முழுக்க இவர் பொறுப்பு. மூன்றாவது ஷெட்டில் அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்த புதுக் கோழிகள். போர்க்கிணறு வற்றிக்கொண்டு வந்ததால் சாயங்காலம் டேங்கர் வந்து மேல்தொட்டியை நிரப்பும். அந்தத் தண்ணீர்தான் மறுநாள் சாயங்காலம் வரைக்கும்.

"கோழி தண்ணிக் கொழாய உட்டு நகர மாட்டேங்குதுங்க. எச்சமெல்லாம் தண்ணியாப் போகுது. முந்தாநாளு தொட்டி காலியாகி ஒரு மணி நேரந்தான் இருக்கும், பதினோரு கோழி செத்துப்போச்சு," என்று சொல்லியிருக்கிறார். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மில்லில் சமாதானம் சொன்னார்கள். "வெயிலு எல்லாப் பண்ணைக்கும் ஒண்ணுதானுங்களே," என்று கேட்டிருக்கிறார். தீவனத்தைச் சோதித்தார்கள். தினமும் காலையில் முதல் கலவையிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம். எல்லா நாளும் எல்லாமே சரியாக இருந்தது.

கடைசியில் மில் முதலாளி எனக்குப் போன் செய்து, உங்கள் கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்கிறதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மறுநாள் காலையிலேயே நான் இருந்த கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டேன். பிழையைத் தேடப் போனேன் என்று சொன்னால் பொய். பிழை இல்லை என்று காட்டப் போனேன். இந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்று மத்தியானம்தான் தெரிந்தது.

மில்லில் முதலாளி, டாக்டர், இரண்டு மூன்று டிரைவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொத்தானை அமுக்கினேன். பச்சை டிக் வந்தது. "பாருங்க," என்றேன். டாக்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை என்றார். அமுக்கினேன். முதலாளி கிட்டே வந்தார், அவருக்காக ஒரு தடவை. அவர் தம்பி வந்தார், அவருக்காக ஒரு தடவை. வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினேன். முப்பது தடவைக்குக் குறையாது. ஒவ்வொரு தடவையும் பச்சை டிக். எனக்குள் ஒரு கர்வம் ஏறிக்கொண்டே போனது, இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எப்போதும் மத்தியானம் போகிற பூங்கொடியின் லோடு பன்னிரண்டு மணி வாக்கில் தயாரானது. முதலாளி போனில் அவரைப் பிடித்து என்னிடம் கொடுத்தார்.

"ஏனுங்க்கா, நல்லாப் பாத்துட்டீங்களா? இந்தப் புது ஷெட்டுக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் கோழியே வேண்டாம்னு உட்டுப்போட்டுப் போகோணும். அதுக்கு மேல என்னால தாங்க முடியாதுங்க."

"நானே நின்னு பாத்தேங்க. ஒரு தடவை இல்ல, முப்பது தடவை. எல்லாம் சரியா இருக்கு. தைரியமாப் போடுங்க."

தைரியமாப் போடுங்க. இந்த வார்த்தையைச் சொன்னது நான். லாரி கிளம்பிப் போனது. எனக்குச் சாப்பாடு வந்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வரும்போது செங்கோடன் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். தலையிலும் புருவத்திலும் மாவு படிந்திருந்தது.

"மேடமுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"காலையில போட்ட மொதக் கலவ நல்லா இருந்துச்சுங்க. இப்பப் போன லோடு உப்புக் கரிக்குதுங்க."

"எப்படித் தெரியும்?"

"ஒரு சிட்டிக வாயில போட்டுத் துப்பிருவேனுங்க. எப்பவும் பாக்கறதுதான். பத்து நாளாவே காலையில நல்லா இருக்குது, மத்தியானத்துக்கு மேல கரிக்குது. உப்பு மூட்டையும் மொதல்ல மாதிரி இல்லீங்க, சீக்கிரந் தீந்துபோகுது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னனுங்க. கம்ப்யூட்டரு சரின்னு காட்டுதே, அப்பறம் என்னன்னு கேட்டாங்க."

நாக்கை வைத்து எடை பார்க்கிறாராம் என்று எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது. கோடைச் சேர்மானம் போட்டால் உப்பு தீரத்தான் செய்யும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மெதுவாக இன்னொன்று சொன்னார்.

"ஆனா இன்னைக்கு மாதிரி என்னைக்குங் கரிச்சதில்லீங்க. ஆளுக வந்து நின்னு பாக்கற அன்னைக்குத்தான் இப்புடி ஆகுது. முந்தாநாளுக்கு மொத நாளு டாக்டரு நாலஞ்சு பேரக் கூட்டிட்டு வந்து காட்டுனாரு. அன்னைக்கும் கரிச்சுது. இன்னைக்கு நீங்க வந்து..."

மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். மரியாதையான மனிதர்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து எனக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. வெளியே பங்குனி வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஏறுகிறது. பார்ப்பதற்குப் பொத்தானை அமுக்குகிறார்கள். அமுக்கினால் 'அடிப்படைக் கலவை + கோடைச் சேர்மானம்' என்ற அந்த ஒரு வரி ஓடுகிறது. அந்தக் கூட்டல் குறி புதிதாக ஒரு கலவையை உண்டாக்கி அதில் கூட்டுகிறதா, இல்லை அடிப்படைக் கலவைக்குள்ளேயே கொட்டிவிடுகிறதா? எனக்கு நினைவு வரவில்லை. எழுதியவள் நான், எனக்கு நினைவு வரவில்லை.

இரண்டாவதுதான் என்றால், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அடிப்படைக் கலவையில் இன்னொரு பங்கு உப்பு ஏறும், அந்தக் கணக்குப்படியே அடுத்த கலவைக்குத் தொட்டியிலிருந்து உப்பு இறங்கும். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் டாக்டர் ஒப்புக்கொண்ட அசல் கணக்கைப் புதிதாகப் படித்துக்கொள்ளும், அதனால் முதல் கலவை சுத்தமாக இருக்கும். சோதனைக்குப் போனதெல்லாம் முதல் கலவை. தைக் குளிரில் சேர்மானம் இல்லை, கூட்ட ஒன்றும் இல்லை, பிழையும் வெளியே தெரியவில்லை. எல்லாம் பொருந்தியது. சிரத்தையாகப் பார்த்தவர்கள் எல்லோரும் கோழிக்கு உப்பைக் கூட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அதிகமாகக் கூட்டியவள் நான்.

உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று கை தானாகப் பொத்தானுக்குப் போனது. விரல் அதன் மேல் இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, எனக்கு இந்த இடத்தில்தான் உங்களோடு பேச வேண்டும். அந்த நேரத்தில் என் முன்னால் இரண்டு வழி இருந்தது. லேப்டாப்பைத் திறந்து, புரோகிராமை எடுத்து, படித்து, சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு பேசுவது ஒன்று. அதற்கு அரை மணி நேரம் ஆகும். தெரியாமலேயே நிறுத்தச் சொல்வது இன்னொன்று. காலை முழுக்கச் சரி சரி என்று சொன்ன வாயால், ஆதாரம் ஒன்றும் இல்லாமல், ஒருவர் நாக்கை நம்பி. முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"நிறுத்துங்க," என்றேன். "கலவையை நிறுத்துங்க. யாரும் திரையைத் தொடாதீங்க. போன லோடைக் கோழிக்குப் போட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏனுங்க, என்ன ஆச்சு? நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. ஆனாலும் நிறுத்துங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. ஆனால் நிறுத்தினார். பூங்கொடிக்குப் போன் அடித்தோம், எடுக்கவில்லை. ஷெட்டுக்குள் போனை எடுத்துப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. லாரி டிரைவரைப் பிடித்தோம். "எறக்கிட்டனுங்க. நான் வரும்போதே தள்ளுவண்டியில அள்ளிட்டு இருந்தாங்க," என்றார்.

செங்கோடன் தன் மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பு வாயிலும் கண்ணிலும் அடித்தது. வழியில் அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"என்னதானுங்க மேடம் ஆச்சு?"

"ஓவர்லோடிங்ல தப்புப் பண்ணிட்டேன்."

"லாரியிலீங்களா? எட பாத்துத்தானுங்க ஏத்துனோம்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. தொட்டியில் இருக்கும் தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் வர வேண்டும், மூன்று ஷெட் கோழியும் உப்பைத் தின்றுவிட்டுக் குழாயை விடாமல் குடித்தால் மூன்று மணிக்கே தொட்டி காலி. அதற்குப் பிறகு அந்த வெயிலில் என்ன ஆகும் என்று பதினோரு கோழி ஏற்கெனவே சொல்லியிருந்தது. இருபது நிமிட தூரம் அன்றைக்கு முடியவே இல்லை.

ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூங்கொடி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. கையை நீட்டிக் காட்டினார்.

முதல் வரிசைக் கூண்டுகளில் இருந்த கோழிகள் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயில் அலகை வைத்து நின்றன. ஒன்றுகூடக் கீழே குனியவில்லை. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் நீட்டிய கழுத்துகள். அடுத்த வரிசையில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டும் இறகைக் கோதிக்கொண்டும் சும்மா இருந்தன. அதற்கு அடுத்த வரிசையும் அப்படியே. தீவனம் நிறைந்த தள்ளுவண்டி நடைபாதையில் அசையாமல் நின்றது.

"மொத வரிசைக்கு மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்கறனுங்க்கா," என்றார் பூங்கொடி. "கோழி செத்த அன்னைலிருந்து புது லோடு எது வந்தாலும் இப்புடித்தான். ஒரு வரிசைக்குப் போட்டுட்டு ஒரு மணி நேரங் கொழாயப் பாப்பேன். அப்பறந்தான் மத்ததுக்கு."

"நான் தைரியமாப் போடச் சொன்னேனே..."

"சொன்னீங்க. நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. ஆனாலும் திங்கப்போறது கோழிதானுங்களே. அதையும் ஒரு வார்த்த கேக்கோணுமில்லீங்களா?"

அந்த ஷெட்டின் நடுவில், எச்ச நாற்றத்திலும் அனலிலும், கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் எழுதிய வரிகள் அங்கே கழுத்தை நீட்டி வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எத்தனை டெஸ்ட் எழுதியிருப்பேன், எத்தனை பேருக்கு டெஸ்ட் எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இந்த அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து செய்ததை நான் ஒரு நாளும் செய்ததில்லை. போட்டதற்கும் போடாததற்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டையும் ஒரே பார்வையில் வைத்து, என் வார்த்தையையும் தள்ளாமல், அதை மட்டும் நம்பியும் விடாமல். இப்படி ஒரு புத்தியா என்று பிரமித்துப்போய்விட்டேன். அந்தப் பிரமிப்பு இன்னும் போகவில்லை.

முதல் வரிசையின் தீவனத்தை மூன்று பேரும் சேர்ந்து அள்ளி எடுத்தோம். தள்ளுவண்டியை வெளியே தள்ளினோம். முதலாளி டேங்கரை முன்கூட்டியே அனுப்பிவைத்தார். தப்பு என்னுடையதுதான் என்று பூங்கொடியிடம் சொன்னேன். அவர் கவிழ்த்திருந்த வாளியை நிமிர்த்தி வைத்தார்.

"செத்தது செத்துப்போச்சுங்க்கா. அத நீங்களும் எழுப்ப முடியாது, நானும் எழுப்ப முடியாது. இனிமே ஆகாமப் பாத்துக்கோங்க. நீங்க நேர்ல வந்தீங்கல்ல, அது போதுங்க."

அந்த முதல் வரிசையிலும் மறுநாள் இரண்டு கோழி செத்தன. மூன்று ஷெட்டும் பிழைத்தது.

மில்லுக்குத் திரும்பியதும் பழைய சிலேட்டைத் தேடி எடுத்து மாட்டினோம். மீதி நேரம் செங்கோடன் கையால் நிறுத்துப் போட்டார். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தேன். சந்தேகப்பட்டபடியேதான் இருந்தது. என் கூட்டல் குறி புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இடப்பக்கம் இருந்த கலவைக்குள்ளேயே வலப்பக்கத்தைக் கொட்டிவிட்டு, அதையே விடை என்று நீட்டியிருந்தது. இரண்டும் மூன்றும் ஐந்து என்று சொன்ன பிறகு இரண்டு இரண்டாகவே இருக்க வேண்டாமா? என் கூட்டலில் இரண்டு ஐந்தாகிவிட்டிருந்தது.

அது ஒன்று மட்டும் என்றால் பச்சை டிக் பிடித்துக் கொடுத்திருக்கும். அங்கேயும் நான் கைவரிசையைக் காட்டியிருந்தேன். இரண்டு கலவை ஒன்றா என்று கேட்கிற சமக்குறியில், அவசரத்துக்குப் பெயரை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, சாமான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பிறகு என்பது வரவேயில்லை. உள்ளே உப்பு எவ்வளவு ஏறினாலும் 'முட்டைக்கோழிக் கலவை' என்ற பெயர் மாறாது, டிக்கும் மாறாது. முப்பது தடவையும் என் பொய்க்கு என் பொய்யே சாட்சி சொல்லியிருக்கிறது.

திருத்த அதிக நேரம் ஆகவில்லை. கூட்டல், புதிதாக ஒரு கலவையை உண்டாக்கி அதில் கூட்டும், பழையதைத் தொடாது. சமக்குறி, ஒவ்வொரு சாமானையும் எடையோடு ஒப்பிடும். திரையில் எழுத்தைச் சிறிதாக்கி உப்பின் எடையையும் போட்டேன். பிறகு அந்த டெஸ்டை எழுதினேன். ஆயிரக்கணக்கான தடவை திரையைத் திறந்து மூடும், ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் அடிப்படைக் கலவை அப்படியே இருக்கிறதா என்று சாமான் சாமானாகப் பார்க்கும். அதனால்தான் நேரம் எடுக்கிறது. அவசரம் என்றால் அந்த நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் மறுபடியும் மில்லில் எல்லோரும் கூடினார்கள். காலையில் முதல் கலவை ஓடியது. பிறகு அவர்கள் பார்க்க, நான் பொத்தானை அமுக்க ஆரம்பித்தேன். முந்தின நாள் கர்வத்தோடு அமுக்கிய அதே விரலால் அமுக்கிவிட்டு, ஒவ்வொரு தடவையும் உப்பின் எடையைப் படித்தேன். எண்ணவில்லை, கை வலிக்கிற வரைக்கும் அமுக்கினேன். உப்பின் எடை அசையவில்லை. டிக் வந்தது. டாக்டர் தலையாட்டினார், முதலாளி தலையாட்டினார். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அடுத்த கலவை இறங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்துச் செங்கோடனிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நீங்களே பாருங்க மேடம்," என்றார்.

எத்தனை வருடமாகத் தீவனக் கணக்கு எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் அதை நாக்கில் வைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டேன். முதலில் மக்காச்சோள மாவு, பிறகு புண்ணாக்கின் கசப்பு, கருவாட்டுத்தூள் வாசனை. எல்லாவற்றுக்கும் பின்னால் மெல்லிசாக உப்பு.

"எப்புடி இருக்குதுங்க?"

"சரியா இருக்கு போல."

"போலன்னு சொன்னா எப்புடீங்க? இது மட்டுந் தின்னா என்ன தெரியும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். காலையில் போட்ட முதல் கலவை, ஒரு பிடி. தினமும் அப்படி மடித்து வைத்துக்கொள்வாராம், மத்தியானக் கலவையோடு சேர்த்துப் பார்க்க. டாக்டர், முதலாளி, நான், என் மென்பொருள், யாருக்கும் தோன்றாதது அந்தச் சட்டைப் பையில் தினமும் இருந்திருக்கிறது.

அதில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டேன். பிறகு மறுபடியும் புதியதில் ஒரு சிட்டிகை. அவசரப்படாமல் மென்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றேன்.

செங்கோடன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"சரி," என்றார்.

உங்கள் திரையில் கடைசியாக வருவது அந்தச் சொல். அதை எடுத்துவிடாதீர்கள்.